அலுமாரிக்கு அடியில் இருக்கும் முயல்

கேள்வி: பக்கத்து வளவில் கோழிக்கூட்டுக்குள் கம்பி வலையின் மேல் கிடந்த ஒரு பெண் முயலைக் கேட்டு வாங்கி வந்தோம். வந்ததிலிருந்து அலுமாரிக்கு அடியிலேயே கிடக்கிறது. மகள் தூக்கப் போனால் காலால் தரையில் ஓங்கி அடிக்கிறது. மாமி முற்றத்தில் விடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: முற்றம் வேண்டாம் என்று மாமியிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நாய், பூனை, கீரி ஒரு பக்கம் இருக்கட்டும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை வெயில் 35 பாகையைத் தாண்டுகிறது, முயலுக்கோ 30ஐ நெருங்கும்போதே கஷ்டம் தொடங்கிவிடும். அதற்கு நம்மைப் போல வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். வீட்டுக்குள்ளும் மத்தியானத்தில் தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள், ஐஸ் தண்ணீரில் மட்டும் முக்க வேண்டாம்.

சரி, இனி மகள். தூக்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். முயல் இரையாகிற பிராணி, மேலிருந்து கை இறங்கினால் பருந்து இறங்கினது போலத்தான் அதற்கு. பயந்து பின்னங்காலை உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பையே உடைத்துக்கொள்ளவும் கூடும். காலால் தரையில் அடிப்பது 'ஆபத்து' என்று மற்ற முயல்களுக்குச் சொல்லும் பழக்கம் (இங்கே கேட்க வேறு முயல் இல்லை, பாவம்). முயலுக்கு உசார் வருவது விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான். அந்த நேரம் மகள் தரையில் இருந்து பாடப் புத்தகத்தைப் படிக்கட்டும், பக்கத்தில் கொஞ்சம் வல்லாரை இருக்கட்டும், முயலைப் பார்க்கவே வேண்டாம். அது வந்து கால் விரலை மோந்து பார்க்கும், அப்போதும் கையை நீட்டக் கூடாது. இது நாள்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். தானாகப் பக்கத்தில் படுக்கத் தொடங்கிய பிறகு நெற்றியைத் தடவலாம்; நாடியைத் தொடுவது பல முயல்களுக்குப் பிடிக்காது.

ஒளிவதைத் தடுக்காதீர்கள். ஒரு மட்டைப் பெட்டியில் இரண்டு வாசல் வெட்டி அலுமாரிக்குப் பக்கத்தில் வையுங்கள், ஒரே வாசல் என்றால் பொறியில் மாட்டியது போல இருக்கும். பெட்டி பழகிய பிறகுதான் அலுமாரி அடியை அடைக்கலாம். டைல்ஸ் தரை வழுக்கும், கம்பி வலையில் கிடந்ததால் பாதமும் புண்ணாக இருக்கலாம், திருப்பிப் பார்க்க முடியாவிட்டால் வைத்தியர் பார்க்கட்டும். பனையோலைப் பாய் விரித்தால் நல்லது, கடித்தாலும் பரவாயில்லை. வயர்களை மட்டும் எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரும்பங்கு புல்தான், அறுகம்புல்லோ கினிப்புல்லோ, மருந்தடிக்காத இடத்தில் அறுத்தது. பல் ஆயுள் முழுக்க வளரும், புல்லை அரைத்தால்தான் தேயும். பாண், பிஸ்கட், சோறு வேண்டவே வேண்டாம், கரட் ஒரு சின்னத் துண்டு போதும். தினமும் புழுக்கையைப் பாருங்கள். பயத்திலேயே முயலின் குடல் நின்றுபோகும். 12 மணித்தியாலம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள், கை வைத்தியமும் வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள். அந்தக் கூட்டில் ஆண் முயலும் இருந்ததா? நெஞ்சு மயிரைப் பிடுங்கி, வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு மூலை தேடினால் அது குட்டி போடப் போகிறதாக இருக்கலாம், பொய்ச்சினையாகவும் இருக்கலாம். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான், அதனால் கொண்டுவந்த திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.