சோளப்பொத்தியை மதியச் சோத்தோட மரக்கறி மாதிரிச் சேர்க்கலாமோ?

நீங்கள் ரெண்டு விசயம் எழுதியிருக்கிறீங்கள். மதியச் சாப்பாட்டில ஒரு கறிக்குப் பதிலாச் சோளம் அவிச்சு வைச்சால் உடம்புக்கு நல்லமோ எண்டது ஒண்டு. "உது கோழித்தீன்" எண்டு மாமி தள்ளி வைக்கிறா எண்டது மற்றது. புதுசாக் கலியாணம் முடிச்ச பிள்ளையாத்தான் இருப்பீங்கள் எண்டு நினைச்சு எழுதுறன்.

முதல்ல கோழித்தீன் கதை. இலங்கையில விளையிற சோளத்தில பெரும்பங்கு கோழிக்கும் மாட்டுக்கும்தான் போகுது, அது உண்மை. ஆனால் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில தாற திரிபோசாவும் சோளமும் சோயாவும் சேர்ந்த மாத்தான். அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருட்டித் திண்டு வளர்ந்த பிள்ளையள்தான் எங்கட ஊர் முழுக்க. மாமியிட்ட இதை மெதுவாச் சொல்லிப் பாருங்கோ.

இந்தியாவில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: நாங்கள் சோளம் எண்டுறது உங்கட மக்காச்சோளம். உங்கட சோளத்தை நாங்கள் இறுங்கு எண்டு சொல்லுவம். போனமுறை ஒரு பதிலுக்குக் கீழ இதுக்கே பெரிய சண்டை நடந்தது, அதாலதான் முன்னமே சொல்லுறன்.

இனி என்ர கதை. 2019 இல எங்கட மாமாவுக்குச் சீனி வருத்தம் எண்டு தெரிய வந்தது. சோத்தோட மரக்கறியைக் கூட்டச் சொல்லிச்சினம். சமையல் என்ர பொறுப்பு, நானும் கூட்டினன். அந்த முறை இவர் வெங்காயத் தோட்டத்து வரம்போட ரெண்டு நிரை சோளம் போட்டிருந்தவர், எல்லாம் ஒரேயடியாப் பொத்தி தள்ளிட்டுது. கனடாவில இருக்கிற மச்சாளும் போனில "நல்ல நார்ச்சத்து, அப்பாவுக்குக் குடுங்கோ" எண்டவா. பொத்தியை ரெண்டு விரல் அகலத்தில துண்டு துண்டா வெட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், கருவேப்பிலை, மஞ்சள் போட்டு ரெண்டாம் பாலில அவிச்சு, இறக்கினாப் பிறகு தேசிக்காய்ப்புளி விட்டுக் குடுப்பன். மாமாவுக்கு அது உயிர். ஒரு மாசம் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் வைச்சன். சோறும் வழமை போல மூண்டு அகப்பை.

அடுத்த கிளினிக்கில வெறுவயித்துச் சீனி 138 இல இருந்து 191 க்கு ஏறிட்டுது. டொக்டர் என்ன சாப்பாடு எண்டு ஒவ்வொண்டாக் கேட்டவர். "தங்கச்சி, சோளம் மரக்கறி இல்லை, தானியம். நீங்கள் சோத்துக்குக் கறியா இன்னொரு சோத்தை வைச்சிருக்கிறீங்கள்" எண்டார். அவர் ஏசேல்ல, ஆறுதலாத்தான் சொன்னவர். மச்சாள்தான் அண்டைக்கு இரவு போனில "அப்பாவுக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்?" எண்டு கேட்டவா. குடுக்கச் சொன்னதே தான்தான் எண்டது அவவுக்கு நினைவில்லை. நான் அழுதனான். நான் ஒண்டும் இனிப்புக் குடுக்கேல்ல, பார்த்துப் பார்த்துத்தான் சமைச்சனான்.

அதுக்குப் பிறகு கணக்கு விளங்கிச்சு. அவிச்ச சோளமணி 100 கிராமில மாப்பொருள் 21 கிராம் அளவில, புரதம் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல, நார் 2.4 கிராம். நடுத்தரப் பொத்தி ஒண்டில அந்தளவு மணி வரும். அதாவது அரைக் கோப்பைச் சோத்துக்குச் சரி. அதால மாமாவுக்குப் பொத்தி வைக்கிற நாளில சோறு ஒண்டரை அகப்பைதான். பக்கத்தில முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ கட்டாயம் இருக்கும். மூண்டு மாசத்தில 132 க்கு வந்தது. சோளத்தால குறைஞ்சது எண்டு நான் சொல்லேல்ல. மருந்தும் ஒழுங்காக் குடிச்சவர், பின்னேரத்தில கோயில் மட்டும் நடந்தவர். உங்கட வீட்டில ஆருக்கும் வருத்தம் எண்டால் டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கோ.

அவிக்கிறதைப் பற்றி. முறிச்ச அண்டைக்கே அவிக்க வேணும். வைக்க வைக்க மணியில இருக்கிற இனிப்பு மாவா மாறிக்கொண்டு போகும், அதாலதான் ரெண்டு நாள் கடையில கிடந்த பொத்தி சப்பெண்டு இருக்கிறது. மணியில நகத்தை ஊண்டினால் பால் தெறிக்க வேணும். வெளி மடலை உரிச்சுப்போட்டு உள் மடல் ரெண்டு மூண்டோட அவியுங்கோ, வாசம் அதிலதான் இருக்கு. இனிப்புச் சோளம் எண்டால் கொதிக்கிற தண்ணியில அஞ்சாறு நிமிசம் காணும். யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 ரோட்டோரம் அவிச்சு விக்கிற மாதிரி நாட்டுச் சோளத்துக்கு அரை மணித்தியாலம், முத்தல் எண்டால் இன்னும் கூட. உப்பை இறக்கினாப் பிறகு தேசிக்காயோட தேய்ச்சால் கொஞ்ச உப்பே காணும். பட்டர் தேவையே இல்லை.

சந்தையில வாங்கிறதெண்டால் விடியக் காலமை போங்கோ. சந்தை எண்டோன்னதான் நினைவு வருது. எந்தச் சந்தை எண்டு சொல்லேல்ல, ஆனால் இவர் 100 கிலோ வெங்காயம் கொண்டு போனால் 90 கிலோவுக்குத்தான் காசு வரும். "கழிவு" எண்டு பத்து கிலோ போயிடும். பழுதான காய் ஒண்டும் அதில இல்லை, வீட்டில இருந்து நானே தெரிஞ்சு கட்டி அனுப்புறனான். எத்தினை வருசமாக் கேக்கிறம். வெய்யிலுக்க நிண்டு தண்ணி மாறின மனுசனுக்கு அந்தப் பத்து கிலோ எவ்வளவு பெரிசு எண்டு தராசு பிடிக்கிற ஆளுக்கும் தெரியும்.

மாமிக்குப் பல்லுக் கஷ்டம் எண்டால் பொத்தியோட வைக்காதேங்கோ. அவிச்சாப் பிறகு கத்தியால மணியைச் சீவி எடுத்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு வறை மாதிரிப் பிரட்டிக் குடுங்கோ. எங்கட மாமா இப்ப அப்பிடித்தான் சாப்பிடுறவர்.