கேம் சிறியதாகவே இருக்க, லீவரை நீட்டி ஸ்லைடின் ஓட்டத்தைக் கூட்டலாமா?

கேள்வியின் சுருக்கம்: கேமும் (சுழலும்போது தன் விளிம்பின் வடிவத்தால் தள்ளும் தகடு) லீவரும் (நெம்புகோல்) இயக்கும் ஒரு ஸ்லைடுக்கு (நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் நகரும் பகுதிக்கு) 40 மி.மீ. ஓட்டம் வேண்டும், பெரிய கேமுக்கு இடமில்லை. லீவரின் ஸ்லைடு பக்கக் கையை இரண்டு மடங்காக்கிச் சிறிய கேமையே வைத்துக்கொள்ளலாமா, பிறகு வேகத்தைக் கூட்டினால் அதிர்வு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லீவரை நீட்டலாம். ஆனால் இரண்டு மடங்கு ஓட்டத்துக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தில் நீட்டுவதாக இருந்தால் சற்றுப் பொறுங்கள். இடநெருக்கடியில் ஓர் இயந்திரத்தை வடிவமைக்கிறீர்கள், கேமின் விட்டத்தை வேறு யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள், உங்கள் கையில் மிஞ்சியிருப்பது லீவர் ஒன்றுதான் என்று ஊகிக்கிறேன். நான் பல ஆண்டுகள் பராமரித்த ஓர் இயந்திரமும் ஏறக்குறைய இதே நிலையில் பிறந்ததுதான். ஆகவே இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேமின் விளிம்பில் உருளும் சிறு சக்கரம்தான் ரோலர். ஸ்லைடு பக்கக் கையின் நீளத்தை ரோலர் பக்கக் கையின் நீளத்தால் வகுத்தால் வருவது லீவர் விகிதம். அது 2 என்றால் கேமின் 20 மி.மீ. ஏற்றம் ஸ்லைடில் 40 மி.மீ. ஆகிறது. கூடவே கேமின் முகத்தில் உள்ள 0.02 மி.மீ. பிழையும் 0.04 ஆகிறது, ஸ்லைடில் பூட்டிய டூலில் (வெட்டும் கருவியில்) வரும் 1000 நியூட்டன் விசை ரோலரில் 2000 ஆகிறது. இதுவரை யாரும் மறுக்கமாட்டார்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதற்கு அடுத்த படியை. ரோலர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஸ்லைடின் நிறை, விகிதத்தின் வர்க்கத்தால் பெருகித் தெரியும். 30 கிலோ ஸ்லைடாக இருந்தால் கேம் 120 கிலோவைத் தள்ளும் பாட்டைப் படுகிறது. இதையே டூல் முனையிலிருந்து பார்த்தால், ரோலர், அதைத் தாங்கும் பின் (அச்சாணி), கேம் தண்டு ஆகியவை தரும் விறைப்பு நான்கில் ஒரு பங்காகத் தெரியும். இவை இரண்டு தனித்தனி இழப்புகள் என்று எண்ணிப் பெருக்கிவிடாதீர்கள். ஒரே இழப்பை இரு முனைகளிலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். எப்படிப் பார்த்தாலும், கேம் பக்கத்து நெகிழ்வே பெரிதாக இருக்கும் அமைப்பில், விகிதம் 1லிருந்து 2 ஆகும்போது ஸ்லைடின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) பாதியாக இறங்கிவிடும்.

பின்களின் கதை இன்னும் மோசம். நடுவில் தாங்கப்பட்ட நேர் லீவரில், ரோலர் பின்னில் 0.05 மி.மீ. தளர்வு இருந்தால் ஸ்லைடில் 0.10 தெரியும். அதே தளர்வு லீவரின் நடுப்பின்னில் இருந்தால் 0.15 தெரியும், ஏனென்றால் அங்கே பெருக்கம் விகிதத்தோடு ஒன்றைக் கூட்டிய அளவு. ஸ்லைடுடன் இணையும் பின்னில் இருந்தால் அதே 0.05தான். ஆனால் தளர்வு என்றதும் எல்லோரும் முதலில் கழற்றிப் பார்ப்பது, கைக்கு எட்டுகிறது என்பதற்காக, அந்தக் கடைசிப் பின்னைத்தான். ரோலரைக் கேமோடு அழுத்தி வைக்கும் ஸ்பிரிங் எல்லாத் தளர்வையும் ஒரு பக்கமாக இழுத்து வைத்திருக்குமே என்று கேட்பீர்கள். இழுத்து வைத்திருக்கும், ரோலர் கேமை விட்டு எழும்பாத வரை.

நான் சொல்லும் இயந்திரத்தில் இந்தக் கடைசி நிபந்தனைதான் முறிந்தது. அது அலுமினியக் குழல்களின் விளிம்பில் பள்ளம் வெட்டும் இயந்திரம். கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு குழல் முடியும். டூல் ஸ்லைடு, டூல் பிடியுடன் சேர்த்து, 30 கிலோ. ஓட்டம் 40 மி.மீ., லீவர் விகிதம் 2. கேம் ஸ்லைடை வேலைத்துண்டை நோக்கித் தள்ளும், ஸ்பிரிங் பின்னுக்கு இழுக்கும். ஓட்டத்தின் பெரும்பகுதியான விரைவு அணுகல் கேமின் 90 பாகைக்குள் முடிந்து, அதன் பின் மெதுவான வெட்டு ஊட்டம் தொடங்கும். நிமிடத்துக்கு 60 சுற்றில் அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. உற்பத்தி போதவில்லை என்று 90 சுற்றுக்கு ஏற்றினார்கள், அப்போது கேமையும் புதிதாக மாற்றினார்கள். உடனே எல்லாக் குழல்களிலும் பள்ளம் தொடங்கும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு சிறு வெட்டுக்குறி விழத் தொடங்கியது.

ஸ்பிண்டில் பேரிங் என்றார்கள், டூலின் கோணம் என்றார்கள். இயந்திரத்தை விற்ற நிறுவனத்திலிருந்து வந்தவர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று சொல்லி, ஸ்லைடில் 150 நியூட்டன் இழுத்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக 400 நியூட்டன் இழுப்பதை மாட்டிவிட்டுப் போனார். குறி மறைந்தது. அவர் சொன்னது சரிதானே என்று சிலர் இங்கே கேட்கக்கூடும். ரோலர் எழும்புகிறது என்ற அளவில் சரிதான். ஆனால் ஸ்லைடில் 400 என்றால் ரோலரில் 800. அந்தச் சுமை வெட்டும்போது மட்டுமல்லாமல், ஸ்லைடு சும்மா நிற்கும் பாகைகளிலும் இறங்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும். இது நடுப்பின்னின் புஷ்ஷைத் (பின்னைச் சுற்றியுள்ள உள்ளுறையைத்) தின்றுவிடும் என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். சில மாதங்களில் கேமின் உச்சியில் பொரிப்பொரியாக உலோகம் பெயர்ந்தது, புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்தது, குறியும் திரும்பி வந்தது.

கேமைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் அதிலேயே எழுதியிருந்தது. ரோலர் உருண்ட முகம் முழுவதும் கண்ணாடிபோல் மின்னியது. விரைவு அணுகலின் பின்பாதியில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கிரைண்டிங் கோடுகள் மற்ற இடங்களைவிடத் தெளிவாக எஞ்சியிருந்தன. அந்தப் பகுதி முடியும் இடத்தில் கேமின் அகலம் முழுவதும் குறுக்கே பளபளவென்று ஒரு தழும்பு. கோடுகள் எஞ்சிய இடத்தில் ரோலர் காற்றில் பறந்திருக்கிறது, தழும்பில் வந்து மோதியிருக்கிறது. பறந்த நேரத்தில் ஸ்லைடு தன் வேகத்திலேயே முன்னேறி, கேம் சொல்வதற்கு முன்பே டூலைக் குழலில் இடித்துவிட்டது. குழலில் விழுந்த குறி அந்த இடிதான்.

கேமின் இயக்க விதி, அதாவது பாகைக்குப் பாகை ஏற்றம் எப்படி மாறுகிறது என்பது, என்னவென்று விற்றவர்களிடம் கேட்டால் வரைபடம் கிடைக்கவில்லை என்றார்கள். இதைச் சொல்லாமல் என்னால் கடக்க முடியவில்லை: எத்தனையோ இயந்திரங்களுடன் வண்ணப் படங்கள் கொண்ட கையேடு வருகிறது, மின்சுற்றுப் படம் வருகிறது, ஆனால் எந்தப் பாகையில் எந்த ஸ்லைடு எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும் ஒரே ஒரு தாள் வருவதில்லை. கேம் தேய்ந்தால், தேய்ந்த கேமையே நகலெடுத்துப் புதுக் கேம் வெட்டுகிறார்கள். தேய்மானமும் சேர்ந்தே நகலாகிறது.

ஆகவே கேமை டிவைடிங் ஹெட்டில் (பாகை பாகையாகத் திருப்பும் கருவியில்) ஏற்றி, இயந்திரத்தில் உள்ள அதே விட்டமுள்ள ரோலரை டயல் கேஜுடன் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) வைத்து, தேயாத பகுதிகளில் பாகை பாகையாக ஏற்றத்தை அளந்தேன். அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தையும், அந்த வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் எழுதிக்கொண்டே போனால் முடுக்கத்தின் வடிவம் தாளில் தெரிந்துவிடும். இங்கே தெரிந்தது எளிய சீரிசை விதி, ஊசல் ஆடுவதைப் போன்ற இயக்கம். அதன் உச்ச முடுக்கம், ஓட்டத்தை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து 4.93ஆல் பெருக்கினால் கிடைக்கும். அணுகலை முழு 40 மி.மீ. என்றே எடுத்துக்கொண்டால், 60 சுற்றில் 90 பாகைக்குக் கால் வினாடி. முடுக்கம் சுமார் 3.2 மீ./வி², 30 கிலோவுக்கு 95 நியூட்டன், ஸ்பிரிங்கின் 150 அதைத் தாங்கியது. 90 சுற்றில் எல்லாம் 2.25 மடங்கு, அதாவது 213 நியூட்டன். ஸ்லைடின் உராய்வு கொஞ்சம் உதவியும் 150 போதவில்லை. இதில் மர்மம் எதுவும் இல்லை. வேகத்தை ஒன்றரை மடங்காக்கியவர்கள் வர்க்கக் கணக்கைப் போடவில்லை.

தீர்வு ஸ்பிரிங்கில் கிடைக்கவில்லை, பாகையில் கிடைத்தது. குழலை உள்ளே தள்ளும் ஸ்லைடு முழுவதும் பின்வாங்கிய பிறகே டூல் ஸ்லைடு கிளம்பும்படி பழைய அமைப்பு இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோத வழியில்லாத 30 பாகை அங்கே வீணாகக் கிடந்தது. அதை எடுத்து அணுகலை 120 பாகையாக்கினோம். ஏற்றத்தை 30 மி.மீ. ஆக்கி, லீவர் விகிதத்தை 2லிருந்து 1.33க்கு இறக்கினோம். பெரிய கேமுக்கான இடத்தை, தண்டின் அருகே இருந்த எண்ணெய்க் குழாயை நகர்த்திப் பெற்றோம். இயக்க விதியை, முடுக்கம் தாவாமல் ஏறி இறங்கும் ‘திருத்திய சைன்’ விதியாக மாற்றினோம். இப்போது 90 சுற்றில் முடுக்க விசை சுமார் 134 நியூட்டன். ஸ்லைடில் 220 நியூட்டன் இழுக்கும் ஸ்பிரிங் போதுமானதாக இருந்தது. ரோலரில் ஸ்பிரிங் தரும் சுமை 800லிருந்து 300க்கும் கீழே வந்தது. அதன் பிறகு அந்தக் குறியைப் பற்றிய புகார் வந்ததில்லை.

திருத்திய சைன் விதியின் உச்சப் பெருக்கி 5.53, சீரிசையின் 4.93ஐவிட அதிகம், பிறகு ஏன் மாற்றினீர்கள் என்று கணக்குத் தெரிந்த ஒருவர் கட்டாயம் கேட்பார். சீரிசையில் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் முடுக்கம் ஒரே நொடியில் சுழியிலிருந்து உச்சத்துக்கும் உச்சத்திலிருந்து சுழிக்கும் தாவுகிறது. அந்தத் தாவல் லீவரைச் சுத்தியலால் தட்டுவதற்குச் சமம், இயல்பு அதிர்வெண் தாழ்ந்த அமைப்பு அதற்குப் பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். உச்ச முடுக்கம் மிகக் குறைந்த பரவளைய விதியிலும் (பெருக்கி 4) இதே குறை உண்டு, அங்கே நடுவிலும் ஒரு தாவல் இருக்கிறது. சைக்ளாய்டு விதி தாவலே இல்லாதது, ஆனால் அதன் உச்சம் 6.28. திருத்திய சைன் இவற்றுக்கு இடைப்பட்டது, ஸ்லைடுக்கு எனக்குப் பிடித்ததும் அதுதான். வெட்டு ஊட்டத்துக்கு மட்டும் மாறா வேகமே வேண்டும்.

இந்தக் காலத்தில் கேமா, சர்வோ மோட்டாரும் (மென்பொருள் சொல்லும் இடத்துக்குச் சுழலும் மோட்டார்) பால் ஸ்குரூவும் (அந்தச் சுழற்சியை நேர் நகர்வாக்கும் திருகு) போட்டால் முடிந்தது என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கும் ஒரு சொல். அடிக்கடி உருப்படி மாறும் இடத்தில் சர்வோவே சிறந்தது, நான் மறுக்கவில்லை. ஒரே உருப்படி லட்சக்கணக்கில் ஓடும் இடத்தில், ஒரே தண்டில் பூட்டிய கேம்கள் மின்சாரம் நின்றாலும் ஒன்றுக்கொன்று ஒழுங்கு தவறுவதில்லை. கேம் என்றால் மாற்றவே முடியாது என்பதும் தவறு: 1873இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் காப்புரிமை பெற்ற தானியங்கிக் கடைசல் இயந்திரத்திலேயே, வெற்று உருளையின் மேல் மாற்றிப் பொருத்தக்கூடிய கேம் பட்டைகள் இருந்தன. அந்தப் பட்டை யோசனையை அவர் காப்புரிமைக் கோரிக்கையில் சேர்க்காமல் விட்டதால், மற்றவர்கள் அதைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். சர்வோவிலும் ஸ்லைடை நகர்த்த ஓர் இயக்க விதி வேண்டும். மென்பொருளில் நீங்கள் தேர்ந்தெடுப்பது மேலே சொன்ன அதே விதிகளில் ஒன்றைத்தான்.

உங்கள் வடிவமைப்புக்குத் திரும்புகிறேன். லீவரின் முனை வட்ட வில்லில் நகரும், ஸ்லைடு நேர்க்கோட்டில் நகரும். 200 மி.மீ. கையில் 40 மி.மீ. ஓட்டத்துக்கு முனை ஏறக்குறைய 1 மி.மீ. உயர்ந்து தாழும், கை 100 மி.மீ. என்றால் 2 மி.மீ. ஓட்டத்தின் நடுவில் லீவர் ஸ்லைடுக்குச் செங்குத்தாக நிற்கும்படி வைத்து, இந்த உயர்வைப் பாதி மேலும் பாதி கீழுமாகப் பிரித்துவிட்டு, இடையில் ஒரு நகரும் கட்டையோ சிறு இணைப்புத் தண்டோ கொடுங்கள். கேமை வரையும்போதும் ரோலர் மையத்தின் இடங்களை ஆரக்கோடுகளில் குறிக்காமல், லீவரின் நடுப்பின்னை மையமாகக் கொண்ட வில்களில் குறிக்க வேண்டும், இல்லையென்றால் நேரம் சில பாகைகள் தவறும். அழுத்தக் கோணம் (கேம் தள்ளும் திசைக்கும் ரோலர் நகரும் திசைக்கும் இடையிலான கோணம்) ஆடும் லீவருக்கு 45 பாகைவரை போகலாம் என்று பாடநூல்கள் அனுமதிக்கும். நான் 35ஐத் தாண்டவிடுவதில்லை. ரோலர் மையம் செல்லும் பாதையின் குவிந்த பகுதிகளில் வளைவு ஆரம் எங்கும் ரோலரின் ஆரத்தைவிடச் சிறியதாகிவிடக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் விகிதம் 2ஐத் தவிர்க்க வழியில்லை என்றால் வையுங்கள், ஆனால் நடுப்பின்னைத் தடிமனாக்கி, ஒரு பக்கம் மட்டும் பிடிக்காமல் இரு பக்கமும் தாங்குங்கள். அதற்கும் முன்பு, எல்லா ஸ்லைடுகளின் நேரப்படத்தையும் ஒரே தாளில் வரைந்து, ஒன்று நகரும்போது மற்றது காரணமில்லாமல் காத்திருக்கும் பாகைகளைத் தேடுங்கள். 90 பாகைக்குப் பதில் 110 கிடைத்தாலே முடுக்கம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்தத் தாளை இங்கே பதிவிட்டால், எந்தப் பாகைகளை எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.