கணினிக் கேள்வி-பதில்: பூஜ்யமா, காலி இடமா?

கேள்வி: குடிநீர், குப்பை, தெருவிளக்குப் புகார்களைப் பிரிக்கும் சைகிட்-லேர்ன் (பைதான் நூலகம்) பைப்லைனை (சொற்களை எண்களாக்கும் டிஎஃப்-ஐடிஎஃப், முடிவு மரங்களால் வகை பிரிக்கும் எக்ஸ்ஜிபூஸ்ட்) ஓஎன்என்எக்ஸ் என்ற பொது மாடல் வடிவத்துக்கு மாற்றினேன். எரர் இல்லை, ஆனால் விடைகள் மாறுகின்றன. ஏன்?
- வாசகர், தரமணி

பதில்: பூஜ்யத்துக்கு எக்ஸ்ஜிபூஸ்டில் ஒரு பொருள், ஓஎன்என்எக்ஸில் வேறு பொருள். டிஎஃப்-ஐடிஎஃப் தருவது ஸ்பார்ஸ் அணி, அதாவது பூஜ்யங்களை எழுதாமல் விடும் அட்டவணை. அதில் எழுதப்படாத இடத்தை எக்ஸ்ஜிபூஸ்ட் 'மதிப்பே இல்லை' என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கிளையிலும் அதற்கென்று ஒதுக்கிய பக்கம் அனுப்பிவிடும். ஓஎன்என்எக்ஸில் அதே இடம் நிஜமான 0.0 ஆக வருகிறது. '0.2-ஐ விடக் குறைவா?' என்ற சோதனைக்கு உட்பட்டு வேறு கிளையில் இறங்கிவிடலாம்.

நல்ல வழி, டென்ஸாக்கியே (பூஜ்யங்களையும் எழுதிய முழு அணியாக்கியே) பயிற்சி கொடுப்பது; அப்போது எக்ஸ்ஜிபூஸ்டும் 0-வை நிஜமான 0 ஆகவே பார்க்கும். டிஎஃப்-ஐடிஎஃபை சைகிட்-லேர்னின் காலம்ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் வைத்து, இயல்பில் 0.3 ஆக இருக்கும் ஸ்பார்ஸ்_த்ரெஷோல்டை 0 ஆக்குங்கள். மெமரியில் கவனம்: 10,000 புகார், 20,000 சொல் என்றால் ஃப்ளோட்32-இலேயே 800 எம்பி. எத்தனை சொல் வரை எடுப்பது என்று சொல்லும் மேக்ஸ்_ஃபீச்சர்ஸைக் குறையுங்கள். மறுபயிற்சிக்கு வழியில்லையா? ஓஎன்என்எக்ஸில் மாடலுக்கு முன்னால் 0-வை நேன் (NaN, 'மதிப்பு இல்லை' என்ற குறி) ஆக்கும் ஒரு கட்டத்தைச் சேருங்கள்.

புகார்கள் தமிழில் இருந்தால், சொற்களைப் பிரிக்கும் விதியான டிஎஃப்-ஐடிஎஃபின் டோக்கன்_பேட்டர்னையும் மாற்றியே ஆக வேண்டும். இயல்பான பேட்டர்ன் புள்ளியிலும் உயிர்க்குறியிலும் சொல்லை வெட்டிவிடும்; ஒற்றை எழுத்தாக மிஞ்சுவதை விட்டுவிடும். 'வடபழனி' 'வடபழன' ஆகும்; 'சென்னை' ஒற்றை எழுத்துகளாகச் சிதறி, அடியோடு காணாமல் போகும்.