வாசகர் கேள்வி – பதில்: எல்லை தாண்டும் ட்ரக்கும் 2290 படிவமும்

கேள்வி: ஒன்ராறியோவில் பதிந்த சொந்த ட்ரக். ஒக்டோபரில் இருந்து மிச்சிகன் பக்கம் லோட் எடுக்கப் போகிறேன். இஃப்டா (அமெரிக்க மாநிலங்களும் கனடா மாகாணங்களும் சேர்ந்த எரிபொருள் வரி ஒப்பந்தம்) ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. 2290 என்றொரு வரியும் இருக்காம். கனடா நம்பர் பிளேட்டுக்கும் அது உண்டா?

பதில்: உண்டு. ட்ரக், ட்ரெயிலர், வழக்கமாக ஏற்றும் உச்சப் பாரம் மூன்றும் சேர்ந்து 55,000 இறாத்தல் வந்தாலே அமெரிக்காவின் கனரக வாகன வரி விழும்; 2290 அதற்கான படிவம். 75,000க்கு மேலென்றால் ஆண்டுக்கு 550 டொலர். 53 அடி ட்ரெயிலர் இழுக்கிறவர்கள் பெரும்பாலும் இதற்குள்தான். வரி ஆண்டு யூலை 1 முதல் யூன் 30 வரை. ஒக்டோபரில்தான் அங்கே முதல் ஓட்டம் என்றால் 9 மாதத்துக்கு 412.50 டொலர்.

சட்டப்படி நவம்பர் கடைசிவரை தவணை இருக்கிறது. அதை நம்பிப் புறப்படாதீர்கள். எல்லையில், வரி கட்டியதற்குச் சான்றாக முத்திரை விழுந்த ‘ஷெட்யூல் 1’ தாளைக் கேட்பார்கள். இல்லையென்றால் லோட்டோடு திருப்பி அனுப்பலாம். படிவத்துக்கு ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் திணைக்களம்) தொழில் நடத்துவோருக்குத் தரும் ஈ.ஐ.என். இலக்கம் வேண்டும், கனடா சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் செல்லாது. புது ஈ.ஐ.என். அவர்கள் கணினியில் ஏற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே எடுத்துவிடுங்கள். கம்பனிப் பெயரும் ஈ.ஐ.என். தந்த ஐ.ஆர்.எஸ். கடிதத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

அடுத்த வில்லங்கம் வின் நம்பர் (வாகன அடையாள எண்). 17 எழுத்திலும் ஆங்கில ஐ, ஓ, கியூ வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூச்சியம், கோடாகத் தெரிவது ஒன்று. பிழைத்தால் ‘வின் கரெக்ஷன்’ பெட்டியில் அடையாளமிட்டுத் திரும்ப அனுப்புங்கள்.

அமெரிக்காவுக்குள் ஆண்டில் 5,000 மைலைத் தாண்டமாட்டீர்கள் என்றால் வரி இல்லை, படிவம் மட்டும் போடவேண்டும். கனடா ஓட்டம் இதில் சேராது. தாண்டினால் முழு வரியும் வரும்.

கேள்வி: இந்தக் காலாண்டு வண்டி ஒன்ராறியோவை விட்டு வெளியே போகவில்லை. இஃப்டா கணக்கு அனுப்ப வேணுமா?

பதில்: கட்டாயம். ஏப்ரல் 30, யூலை 31, ஒக்டோபர் 31, சனவரி 31 தவணைகள். வரியே இல்லாவிட்டாலும் பிந்தினால் 50 டொலர் தண்டம். டீசல் ரசீதுகளை 4 ஆண்டு வைத்திருங்கள். ரசீது இல்லாத டீசலுக்குக் கழிவு கிடைக்காது. மலிவான மாநிலத்தில் டாங்க்கை நிரப்பினால் வரி மிச்சம் என்பது வீண் கதை. எங்கே ஓடினீர்களோ அங்கத்தைய வரிதான் கணக்கு. பஃபலோ வழியாகப் போகிறவர்கள் நியூயோர்க்கின் ‘ஹட்’ எனும் நெடுஞ்சாலைப் பாவனை வரிக்கும் (18,000 இறாத்தலுக்கு மேல்) முன்கூட்டியே பதிந்து, அந்த ஸ்டிக்கரையும் ஒட்டவேண்டும். இஃப்டா அதற்கு ஈடாகாது.