பெயரோடு வரும் சாவு

அன்புள்ள அண்ணா,

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்கிறேன். வியட்நாம் போரை நிறுத்தியதே தொலைக்காட்சிதான், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பிணங்களைக் காட்டினார்கள், அமெரிக்க மக்கள் கொதித்துப் போனார்கள் என்று காலேஜில் எங்கள் பேராசிரியர் சொல்வார். இன்றைக்கு உக்ரைனும் காஸாவும் போனிலேயே ஓடுகின்றன. டீ குடித்துக்கொண்டே பார்க்கிறோம், அப்புறம் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகிறோம். எங்கள் ஆபீஸில் போரைப் பற்றி உருப்படியாகப் பேசியது ஒரே ஒரு தடவை, காஸா போரின் எதிரொலியாகக் கப்பல்கள் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்து கண்டெய்னர் வாடகை ஏறியபோது. நமக்கு மனசு மரத்துப்போய்விட்டதா? நீங்கள் பத்திரிகையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகன், காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பேராசிரியர் சொன்னதை நானும் ரொம்ப வருஷம் நம்பியவன்தான். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை. 1965 ஆகஸ்டில் வியட்நாமில் கேம் நே என்ற கிராமத்தில் அமெரிக்க வீரர் ஒருவர் சிகரெட் லைட்டரால் கூரைக்குத் தீ வைப்பதை சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியின் செய்தியாளர் மார்லி சேஃபர் படமெடுத்து அனுப்பினார். அது அப்படியே ஒளிபரப்பானது. மக்கள் கொதித்தார்களா? அதே மாதம் கருத்துக் கணிப்பு எடுக்கும் கேலப் நிறுவனம் கேட்டபோது, படை அனுப்பியது தவறு என்று சொன்னவர்கள் 100-க்கு 24 பேர். ஜனாதிபதி ஜான்சனின் கோபம் தீ வைத்தவர் மேல் திரும்பவில்லை, காட்டிய சேனல் மேல்தான் திரும்பியது. 1967 அக்டோபரில்தான் முதல் தடவையாகத் தவறு என்றவர்கள் (47), தவறில்லை என்றவர்களைத் (44) தாண்டினார்கள். சிபிஎஸ்ஸின் பிரபல செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட் தொலைக்காட்சியில் உட்கார்ந்து இந்தப் போர் முட்டுச்சந்தில் நிற்கிறது என்று சொன்னது அதற்கும் பிறகு, 1968 பிப்ரவரியில். மக்கள் முன்னால் போய்விட்டார்கள், பெரிய செய்தியாளர்கள் பின்னால் வந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1950-ல் தொடங்கிய கொரியப் போர் சமயத்தில் தொலைக்காட்சி இன்னும் குழந்தை, போர்க்களப் படமெல்லாம் வீட்டுக்கு அவ்வளவாக வரவில்லை. ஆனாலும் சாவு எண்ணிக்கை ஏற ஏற அந்தப் போருக்கான ஆதரவும் ஏறக்குறைய வியட்நாமைப் போலவேதான் இறங்கியது. ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைக் காட்டியிருக்கிறார். படம் வந்தாலும் வராவிட்டாலும், பக்கத்து வீட்டுப் பையன் சவப்பெட்டியில் வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுத்த காலம் அது, எந்த வீட்டுக்கு ஓலை வரும் என்று யாருக்கும் தெரியாது.

1969 ஜூன் 27 இதழில் லைஃப் பத்திரிகை ஒரு காரியம் செய்தது. ஒரே வாரத்தில் வியட்நாமில் இறந்தவர்களாக அறிவிக்கப்பட்ட 242 பேரின் முகங்களைப் பக்கம் பக்கமாக அச்சடித்தது. ரத்தம் கிடையாது, குண்டு கிடையாது, பள்ளிக்கூட ஆண்டுமலரில் வருவது மாதிரி சின்னச் சின்னப் படம், கீழே பெயர், வயது, ஊர். அவ்வளவுதான். புரட்டுகிறவர் தன் மாவட்டப் பையன் இருக்கிறானா என்று தேடியிருப்பார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நடுகற்கள்தான் ஞாபகம் வந்தன. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நிற்கின்றன, பார்த்திருப்பீர்கள். கையில் ஆயுதத்தோடு ஓர் ஆள், மேலே வட்டெழுத்து, மன்னன் ஆட்சியில் எத்தனையாவது வருஷம், யாருடைய சேவகன், எந்த ஊர், ‘தொறு மீட்டுப் பட்டான்’, அதாவது மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான், என்று முடியும். போனது ஒரு மாட்டு மந்தைக்காக, செத்தது ஒரே ஓர் ஆள், அதற்கு ஒரு கல். எழுதியவனுக்கு அவன் பெயர் தெரிந்திருக்கிறது. போர்ச்செய்தி என்பதே அந்தக் கல்லில் இருந்து தொடங்கியது என்றுதான் நான் நினைக்கிறேன், நாங்கள் அதை எங்கேயோ விட்டுவிட்டோம்.

நாங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2003-ல் அமெரிக்கா இராக்கில் நுழைந்தபோது நான் ஒரு நாளிதழின் தர்மபுரிப் பதிப்பில் இரவு டியூட்டியில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்தி எல்லாமே செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் ஆங்கிலம்தான், அதை நாங்கள் தமிழாக்குவோம். அவர்கள் ‘ராணுவம் தெரிவித்தது’ என்று போட்டால் நாங்களும் அதையே போடுவோம், இடம் இல்லையென்றால் முதலில் வெட்டுப்படுவது அந்த ‘தெரிவித்தது’தான். அப்போது அது உண்மையாகவே ஆகிவிடும். மார்ச் 28 அன்று பாக்தாத்தில் ஷுலா சந்தையில் குண்டு வெடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் பேப்பரில் அது உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி அகலம், ஏழு வரி, ஒரு பெயர் இல்லை. ஏப்ரல் 9-ல் சதாம் சிலை விழுந்தது முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்குப் படத்தோடு. பக்கத்தை முடித்தவன் நான். சிலை இருந்த சதுக்கத்தைத் தூரத்தில் இருந்து எடுத்த படங்களைப் பிறகு பார்த்தேன், முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறது. நெருக்கத்தில் எடுத்த படத்தைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன், கூட்டமாகத் தெரிந்தது என்பதால். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஏழு வரி என்னை விடவில்லை.

வியட்நாமில் மைலாய் கிராமத்தில் 1968 மார்ச் 16-ல் அமெரிக்க வீரர்கள் செய்த படுகொலையையும் அமெரிக்கப் பத்திரிகைகள் முதலில் இப்படித்தான் போட்டன, 128 எதிரிகள் பலி என்று, ராணுவம் சொன்னபடியே. உண்மையில் செத்தது கிழவர்களும் பெண்களும் பிள்ளைகளும்தான், வியட்நாமியர்கள் எடுத்த கணக்கில் 504 பேர். சீமோர் ஹெர்ஷ் என்ற ஒருவர் வேலை மெனக்கெட்டு வீரர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசி எழுதியது 1969 நவம்பரில், அதாவது 20 மாதம் கழித்து. முதலில் கேட்ட பெரிய பத்திரிகைகள் வேண்டாம் என்றுவிட்டன, ஒரு சின்னச் செய்தி நிறுவனம் வழியாகத்தான் வெளியே வந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். மார்ச் 1-ம் தேதி அங்கே கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்த செய்தி வந்ததும் அவன் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. போனைச் சார்ஜில் போட்டபடியே காதில் வைத்துக்கொண்டு, ஒயர் எட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீடுகளில் இருந்து சாப்பாடு வந்தது. லாரி ஓட்டுகிறவர், பூ கட்டுகிறவர் எல்லோரும் போலந்து எல்லை எங்கே இருக்கிறது, ரயில் எத்தனை மணி நேரம் என்று விரல்நுனியில் வைத்திருந்தார்கள். பையன் பத்திரமாக வந்து சேர்ந்தான். அந்த வாரத்தோடு எங்கள் தெருவில் உக்ரைன் போர் முடிந்துவிட்டது. அங்கே முடியவில்லை.

மரத்துப்போன மனசு ராத்திரி முழுக்க அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்காது தம்பி. எங்கள் தெருவுக்குப் பெயர் தெரிந்த ஒருவன் அந்தப் போருக்குள் இருந்தான், அதுதான் வித்தியாசம். அமெரிக்காவில் 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்ற பிறகு அவர்களுக்கும் இதேதான் நடந்தது. ஆப்கன் போர் 20 வருஷம் ஓடியது. 2020-ல், படைகள் இன்னும் அங்கே இருக்கும்போதே, அமெரிக்காவின் மூன்று பெரிய சேனல்களின் மாலைச் செய்திகளில் அதற்குக் கிடைத்தது அந்த வருஷம் முழுவதற்குமாக 5 நிமிடம். பார்க்கிறவர்களுக்கு மனசு இல்லாமல் இல்லை, அவர்கள் தெருவில் இருந்து யாரும் போகவில்லை.

அதனால் கண்டெய்னர் வாடகை ஏறியபோதுதான் பேசினோம் என்று வெட்கப்பட வேண்டாம். ஒரு போர் உங்கள் கம்பெனி வாசலுக்கு வந்த வழி அது, அதைப் பிடித்துக்கொண்டு அங்கே யார் யாரைச் சுடுகிறார்கள், ஏன் என்று இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். அப்புறம் போனில் ‘20 பேர் பலி’ என்று வந்தால் சொன்னது யார் என்று பாருங்கள், அதில் ஒருவர் பெயராவது எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். நான் இப்போது தினமும் தேடுகிறேன். பல நாள் கிடைப்பதில்லை.

மாங்காய் சீசன் முடிந்து வேலை குறைந்ததும் ஒரு நாள் தர்மபுரிக்கு வாருங்கள், அந்தக் கற்களைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்