நட்டத்தில் ஓடும் இணையக் கடைப் பங்குக்கு என்ன விலை கொடுக்கலாம்?

"இலாபமே காட்டாத இணையக் கடைக் கம்பனிக்கு எப்படி விலை போடுவது, அது வெறும் சூதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் எனக்கும் என் மச்சானுக்கும் ஓயாமல் நடக்கிற சண்டையே இதுதான். அவர் கையில் ஒரே பதில்: "அமேசனும் நட்டத்திலதானே ஓடினது?"

ஓடியது உண்மைதான். 1997 இல் பங்குச் சந்தைக்கு வந்த அமேசன் முதன்முதலில் முழு ஆண்டு இலாபம் காட்டியது 2003 இல். 2000 ஆம் ஆண்டு நட்டம் மட்டும் ஏறத்தாழ 140 கோடி டொலர். ஆனால் புத்தகம் வாங்குபவரின் காசு அமேசனின் கைக்கு உடனே வந்துவிடும், பதிப்பகத்துக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். காத்தான்குடி துணிக்கடைக்காரர் கொழும்பு புறக்கோட்டையில் பின்தேதி செக் கொடுத்துச் சரக்கெடுத்து, செக் வங்கிக்குப் போகும் முன்பே விற்று முடிப்பாரே, அதே வித்தை. போதாததற்கு, சந்தை சரியுமுன், 2000 பெப்ரவரியில், கடன் பத்திரம் விற்று 69 கோடி யூரோ திரட்டி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு மளிகை கொண்டுபோன வெப்வேனும் அதே காலத்துக் கம்பனிதான். களஞ்சியங்கள் கட்ட 100 கோடி டொலருக்கு ஒப்பந்தம் போட்டது, 2001 ஜூலையில் மூடியது. மளிகையின் மெல்லிய இலாபம் வான் ஓடும் செலவுக்குக் காணவில்லை.

ஆகவே நான் முதலில் பார்ப்பது ஒரு பார்சலின் கணக்கை. கொழும்பிலிருந்து வரும் பார்சலை அக்கரைப்பற்றில் ஒருவர் வாசலில் வைத்தே "வேண்டாம்" என்று திருப்பினால், போன கூலியும் வந்த கூலியும் கம்பனி தலையில். விளம்பரச் செலவுக்கு முன்பே பார்சலுக்குப் பார்சல் நட்டமென்றால், விற்பனை கூடக் கூட நட்டமும் கூடும். இன்னொன்று: களஞ்சியச் செலவை, விற்ற பொருளின் கிரயத்தில் சேர்க்காமல் வேறு தலைப்பில் போடுகிற கம்பனிகள் உண்டு. மொத்த இலாப வீதத்தை, அதாவது விற்பனையில் அந்தக் கிரயம் போக மிஞ்சும் வீதத்தை, மட்டும் பார்த்தால் ஆள் ஏமாந்துவிடுவார்.

பார்சல் கணக்கு சரியாக வந்தால்தான் விலைக்குப் போவேன், அதையும் பின்னாலிருந்து போடுவேன். கம்பனியின் சந்தைப் பெறுமதி, அதாவது எல்லாப் பங்குகளுக்கும் சேர்த்த விலை, 1,000 கோடி, விற்பனை 200 கோடி என்று வையுங்கள். ஆண்டுக்கு 10 வீதம் வேண்டுமென்றால் பத்து வருடத்தில் அந்தப் பெறுமதி ஏறத்தாழ 2,600 கோடி ஆக வேண்டும். அப்போது இலாபத்தின் 20 மடங்கு விலை கிடைத்தால், தேவையான இலாபம் 130 கோடி. சில்லறை வியாபாரத்தில் 4 வீதம் மிஞ்சினாலே நல்லது. அப்படியானால் விற்பனை 3,250 கோடி. பத்து வருடமும் விடாமல் ஆண்டுக்கு 32 வீதம் வளர வேண்டும்! "விற்பனையின் ஐந்து மடங்குதானே, மலிவு" என்ற மச்சானிடம் இதை எழுதிக் காட்டினேன். ஆள் பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்.

அமேசனையே 1999 டிசெம்பர் உச்சத்தில், 100 டொலருக்கு மேலே வாங்கியவர், 2001 இல் அது 6 டொலருக்குக் கீழே போனதைப் பார்த்தார். போட்ட காசு திரும்ப 2009 வரை காத்திருந்தார். அவர் தெரிந்தெடுத்த கம்பனியில் பிழையில்லை.

அப்புறம், நட்டத்தில் ஓடும் கம்பனி காசு தீர்ந்தால் புதுப் பங்கு வெளியிடும், கம்பனியில் உங்கள் பாகம் சுருங்கும். மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. கடந்த மூன்று ஆண்டறிக்கைகளில் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து, அந்த 32 வீதத்தை இன்னும் மேலே தள்ளிக்கொள்ளுங்கள்.