எத்தியோப்பியப் பெண்களின் எழுத்தறிவு: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: நான் சமூகப்பணி முதுகலை மாணவி. எத்தியோப்பியாவில் வயதுவந்த பெண்களின் எழுத்தறிவு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஓரிடத்தில் 2007-ல் 28.9 சதவீதம், 2017-ல் 44.4 சதவீதம் என்று இருக்கிறது. இன்னோர் அறிக்கை 2016-ல் 42 சதவீதம் என்கிறது. எதை எடுத்துக்கொள்வது? முதியோர் கல்வியால் பத்தாண்டுகளில் 15 புள்ளிகள் உயர்ந்தன என்று எழுதலாமா?

பதில்: அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். எண்களில் பிழையில்லை, அவற்றைக் கோத்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் நிற்காது.

2007-ஆம் ஆண்டு எண் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்தது. கணக்கெடுப்பு என்றால் வீட்டில் ஒருவர் எல்லாருக்குமாகப் பதில் சொல்வார். மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்றால் கணவர் சொல்வதே பதிவாகும்; யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு அந்நாட்டில் நடக்கவேண்டிய அடுத்த கணக்கெடுப்பு திரும்பத் திரும்பத் தள்ளிப்போடப்பட்டது. ஆகவே 2017-க்கான 44.4 கணக்கெடுப்பில் கிடைத்ததாக இருக்க முடியாது. வெவ்வேறு வழிகளில் பெற்ற இரண்டு எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து வளர்ச்சி என்று சொல்வது சரியல்ல.

42 என்பது மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின் எண். இந்தியாவின் தேசிய குடும்ப நல ஆய்வும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களிடம் நேரில் ஓர் அட்டையை நீட்டுவார்கள். "விவசாயம் கடினமான வேலை" என்பதுபோல ஒரு சிறு வாக்கியம் அதில் இருக்கும். முழுதாகவோ ஒரு பகுதியையோ வாசித்துவிட்டால் எழுத்தறிவு உள்ளவர். எழுதச் சொல்வதில்லை. படிப்பில் மேலே போனவர்களுக்கு அட்டை காட்டாமலே தேர்ச்சி உண்டு. அந்த விலக்கு எந்த வகுப்பிலிருந்து தொடங்குகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டு அறிக்கையிலும் அட்டவணையின் அடிக்குறிப்பில் பாருங்கள்.

அட்டை எந்த மொழியில், எந்த எழுத்தில் இருந்தது என்பதும் எத்தியோப்பியாவில் சிறிய விஷயமல்ல. அம்ஹாரிக், திக்ரிஞா மொழிகளுக்குக் கீஸ் எனப்படும் பழைய எத்தியோப்பிய எழுத்து. ஒரோமோ மொழிக்கு 1991-க்குப் பிறகு லத்தீன் எழுத்து, அதாவது ஆங்கிலத்துக்குப் பயன்படும் எழுத்து. 1979-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் பல மொழிகளில் பாடம் நடத்தியது; ஆனால் எல்லாவற்றுக்கும் கீஸ் எழுத்தையே பயன்படுத்தியது. அந்த வகுப்பில் தன் தாய்மொழியை வாசிக்கக் கற்ற ஓர் ஒரோமோப் பெண், பிற்காலத்தில் லத்தீன் எழுத்து அட்டையைப் பார்த்துத் திகைத்தால் அவர் கற்ற படிப்பு கணக்கில் வராது. உரிய மொழியில் அட்டை இல்லாததால் சோதிக்கப்படாதவர்களுக்கு அட்டவணையில் தனிப் பத்தி உண்டு. அதையும் ஆய்வேட்டில் சேருங்கள்.

போக்கைக் காட்ட இந்த ஆய்வுகளையே வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள்: 2005-ல் 29 சதவீதம், 2011-ல் 38, 2016-ல் 42. ஆண்களுக்கு 2016-ல் 69. ஏறத்தாழ ஒரே முறையில் திரட்டியவை என்பதால் இவற்றை ஒப்பிடலாம்.

இனி நீங்கள் கேட்ட முதியோர் கல்வி. இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள், எனக்கு மிகுந்த கவலை தருவதும் இதுதான். 1994 கல்விக் கொள்கைக்குப் பிறகு எத்தியோப்பியாவில் தொடக்கப் பள்ளிகள் பெருகின. அங்கே படித்த சிறுமிகள் வளர்ந்து 15 வயதைக் கடந்து ஆய்வுக்குள் வருகிறார்கள். மறுபுறம், பள்ளியையே பார்க்காத பெண்கள் 50 வயதாகி வெளியேறுகிறார்கள். வயதுவந்த பெண் ஒருவர்கூடப் புதிதாக எழுத்துக் கற்காவிட்டாலும் சதவீதம் ஏறும். அந்த ஏற்றத்தை முதியோர் கல்வியின் பெயரில் எழுதினால், இன்னும் வகுப்பே கிடைக்காத நடுத்தர வயதுப் பெண்களை நாமே மறைத்துவிடுகிறோம்.

இதைப் பிரித்துப் பார்க்க வழி உண்டு. அறிக்கைகளில் எழுத்தறிவு ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளாகவும் தரப்பட்டிருக்கும். 2005-ல் 20-24 வயதில் இருந்தவர்கள் 2016-ல் ஏறக்குறைய 30-34 வயதுப் பிரிவில் இருப்பார்கள். அந்த இரண்டு பிரிவுகளையும் ஒப்பிடுங்கள். எண் தெளிவாக உயர்ந்திருந்தால் வயதுவந்த பிறகு கற்றவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத் துணியலாம். அப்படியே இருந்தாலோ குறைந்தாலோ, பள்ளியை விட்டபின் படித்தது மறந்துபோனதா என்று கேளுங்கள். ஆய்வு எல்லாரையும் கேட்காமல் தேர்ந்தெடுத்த ஒரு மாதிரிக் குழுவைக் கொண்டு நடப்பதால் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாட்டு நிலையை ஒரே வரியில் சொல்ல 44.4 போதும். அது 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களுக்குமான எண் என்பதையும், ஆண்டு 2017 என்பதையும் கூடவே எழுதுங்கள். 42-ஐ எடுத்தால் 50 வயதைத் தாண்டிய பெண்கள் அதில் இல்லை என்பதைக் குறிப்பிடாமல் விடாதீர்கள்.